அடியைத் திருப்பிப் பாருங்கள்: முரானோ கண்ணாடியில் அசலும் போலியும்

கிளிநொச்சிப் பக்கம் இருக்கும், எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஒரு சாண் உயரமான கண்ணாடிப் பூச்சாடி. உள்ளே சிவப்பு, வெளியே தெளிந்த கண்ணாடி, இரண்டுக்கும் இடையில் பொன்னிறத் துகள்கள். கழுத்தருகே சிறிய தங்கநிற ஸ்ரிக்கர். அதில் 'முரானோ கிளாஸ், மேட் இன் இத்தாலி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

இத்தாலியில் உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்யும் அவரது சகோதரர், யுத்தம் முடிந்தபின் முதல் தடவையாக ஊர் வந்தபோது கொண்டுவந்த பொருள் அது. தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில் பெட்டிக்குள் கிடந்தது. வீடு கட்டியபின் ஷோகேசுக்குப் போனது.

படத்துக்குக் கீழே ஒரு குரல்பதிவு. "தம்பி, இது 3 இலட்சத்துக்குப் போகுமாம். பேஸ்புக்கிலை பாத்திட்டு ஒராள் கேக்கிறார். ஆனா முதல்லை சேர்ட்டிபிக்கட் எடுக்க 25,000 கட்டட்டாம். பிள்ளையின்ரை கம்பஸ் போர்டிங் காசுக்கு உதவும். கட்டட்டோ?"

"கட்டாதேங்கோ அக்கா. முதல்லை அடியைத் திருப்பி ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ" என்று பதில் போட்டேன்.

நான் கண்ணாடி நிபுணன் அல்லன். அந்தப் பூச்சாடிக்காகத் தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. வெளிநாட்டு உறவுகள் கொண்டுவந்த கண்ணாடிப் பறவையோ, மீனோ, கோமாளிப் பொம்மையோ நம்மவர் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. அவற்றில் எது அசல், எது போலி என்று எவராவது சொல்லிப் பணம் கேட்கும்போது, கேட்பவரிடம் நாம் என்ன கேட்கலாம் என்பதாவது தெரிந்திருப்பது நல்லது.

ஒரு தீவின் பெயர்

முரானோ என்பது வெனிஸ் நகருக்கு வடக்கே, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்தில் கடல்நீரேரிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு தீவுக்கூட்டம். 1291 ஆம் ஆண்டு வெனிஸ் குடியரசு நகரிலிருந்த கண்ணாடி உலைகளை அங்கே மாற்றும்படி உத்தரவிட்டது. மரக்கட்டடங்கள் நெருங்கிய நகரில் தீ பரவும் என்ற பயமே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தொழிலாளர் ஒரே தீவில் இருந்ததால் தொழிலின் இரகசியத்தைக் காப்பதும் இலகுவானது. உத்தரவின்றி வெளியேறி வேறு நாட்டில் உலை மூட்டுவது அவர்களுக்குத் தடுக்கப்பட்டிருந்தது.

15 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அஞ்சலோ பரோவியர் என்ற முரானோக் கலைஞர், பளிங்கு போலத் தெளிந்த 'கிறிஸ்தல்லோ' கண்ணாடியை உருவாக்கினார். பாலைப் போல வெண்மையான கண்ணாடி, வெண்ணூல்களைப் பின்னியது போன்ற கோடுகள் ஓடும் கண்ணாடி, பூவின் குறுக்குவெட்டுப் போன்ற சிறு வில்லைகளை அடுக்கி உருக்கும் 'முறினே' என்று தீவின் கைத்திறன் பெருகியது. 20 ஆம் நூற்றாண்டில் இதற்கு இன்னொரு வாழ்வு கிடைத்தது. 1921 இல் பவுலோ வெனினி ஒரு கூட்டாளியுடன் தொடங்கிய நிறுவனம் கார்லோ ஸ்கார்பா போன்ற கட்டடக் கலைஞர்களை வடிவமைப்பாளர்களாகச் சேர்த்துக்கொண்டது. அந்தக் காலத்துப் பூச்சாடிகளைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் ஏலத்தில் பெருந்தொகை கொடுத்து வாங்குகிறார்கள்.

ஆகவே 'முரானோ' என்பது கண்ணாடியின் ஒரு வகையல்ல. ஓர் ஊரின் பெயர். அந்த ஊரில் செய்யாத எதுவும், எவ்வளவு அழகாக இருந்தாலும், முரானோ ஆகாது.

அந்தப் பெயரின் விலைதான் போலிகளையும் அழைத்து வந்தது. கடந்த சில பத்தாண்டுகளில் சீனாவிலும் வேறு நாடுகளிலும் மலிவாகச் செய்த ஒத்த வடிவங்கள் வந்து குவிந்தன. வெனிஸின் சுற்றுலாக் கடைகளிலேயே அவை விற்கப்படுகின்றன. இதில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். சீனாவின் ஷான்டோங் மாகாணத்திலுள்ள போஷான் பகுதிக்குப் பல நூற்றாண்டுக் கண்ணாடித் தொழில் மரபு இருக்கிறது. அங்கும் உலையின் வெக்கையில் நின்று ஊதுபவர் தொழிலாளிதான். அவர் செய்த பொருளில் குற்றம் இல்லை. அவருடைய ஊரின் பெயரை மறைத்து இன்னோர் ஊரின் பெயரை ஒட்டுகிறார்களே, அங்கேதான் பொய் தொடங்குகிறது.

ஒன்றல்ல, மூன்று கேள்விகள்

"இது அசலா?" என்று கேட்கும்போது நாம் மூன்று கேள்விகளை ஒன்றாகக் குழைத்துவிடுகிறோம். எங்கே செய்தது? யார் செய்தது? எப்போது செய்தது? இவற்றைப் பிரித்துக் கேட்டால்தான் விலை விளங்கும்.

1940 களின் இறுதியில் வெனினி நிறுவனத்தில் பிறந்த 'கைக்குட்டை' பூச்சாடி நல்ல உதாரணம். ஃபுல்வியோ பியாங்கோனியும் பவுலோ வெனினியும் உருவாக்கியது. கைக்குட்டையின் நடுவைப் பிடித்துத் தலைகீழாக்கினால் ஓரங்கள் எப்படி விரிந்து மடியுமோ அப்படி இருக்கும். அதன் புகழைக் கண்டு முரானோவிலிருந்த மற்ற உலைகளும் அதே வடிவத்தைச் செய்தன. பிற நாடுகளும் செய்தன. ஆகவே ஒரு கைக்குட்டைப் பூச்சாடி வெனினியுடையதாக இருக்கலாம். முரானோவில் பிறந்தும் வெனினி அல்லாததாக இருக்கலாம். முரானோவையே காணாததாகவும் இருக்கலாம். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையிலான விலை வித்தியாசமே மிகப் பெரியது.

இதிலிருந்து இன்னொரு விடயமும் தெரிகிறது. முரானோவில் செய்ததெல்லாம் பெறுமதியானதல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் சுற்றுலாப் பயணிகளுக்கென்று சாம்பல்கிண்ணம், மீன், கோமாளி என்று கணக்கின்றிச் செய்து விற்றார்கள். அவை அசல் முரானோ. ஆனாலும் அவற்றில் பெரும்பாலானவை சாதாரண விலைக்குத்தான் கைமாறுகின்றன.

கை விட்டுச் செல்லும் தடயங்கள்

எங்கே செய்தது என்பதற்கான தடயங்கள் செய்முறையில் இருக்கின்றன. மணலையும் சோடாவையும் சுண்ணாம்பையும் ஏறக்குறைய 1,400 பாகை செல்சியஸில் உருக்குகிறார்கள். உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் தேனை எடுப்பது போலச் சுற்றி எடுத்து, ஊதி, உருட்டி, இடுக்கியால் இழுத்து வடிவம் கொடுக்கிறார்கள். வாய்ப்பகுதியை முடிப்பதற்காக, பொருளின் அடியில் இன்னொரு இரும்புக் கம்பியை ஒட்டிக்கொண்டு ஊதுகுழாயைக் கழற்றிவிடுவார்கள். முடிந்ததும் அந்தக் கம்பியைத் தட்டிப் பிரிப்பார்கள். பின்னர் சூளைக்குள் வைத்து மெல்ல மெல்ல ஆறவிடுவார்கள். அவசரப்பட்டால் வெடித்துவிடும்.

கம்பியைப் பிரித்த இடத்தில் ஒரு வடு இருக்கும். அதற்காகத்தான் அடியைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன். நல்ல உலைகள் அந்த வடுவைத் தேய்த்து மெருகேற்றிவிடும். விரலால் தடவினால் மழமழவென்ற சிறு பள்ளமோ, முற்றாகச் சமப்படுத்திய தட்டையான அடியோ தெரியும். மலிவான இறக்குமதிகளில் பெரும்பாலும் வடு உடைந்த முனையோடு கரடாக விடப்பட்டிருக்கும். இது பொதுவான போக்கு மட்டுமே. முரானோவின் மலிவான சுற்றுலாப் பொருட்களிலும் கரட்டு வடு உண்டு. மெருகேற்றத் தெரிந்த போலியாளரும் உண்டு.

அடுத்தது தேய்மானம். ஐம்பது வருடம் அலுமாரியில் இருந்த பொருளின் அடியில், தளத்தைத் தொடும் விளிம்பில் மட்டும் நுண்ணிய கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாக இருக்கும். தேய்க்கும் கடதாசியால் உரசி வயதேற்றிய பொருளில் கீறல்கள் ஒரே திசையில், ஒரே ஆழத்தில், தளத்தைத் தொடாத இடத்திலும் இருக்கும். கைத்தொலைபேசியின் கமெராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, நிறங்களின் எல்லை. ஒரு நிறக் கண்ணாடியை இன்னொன்றுக்குள் தோய்த்து எடுக்கும் முறையை இத்தாலியில் 'சொம்மெர்சோ', அதாவது 'மூழ்கியது' என்பார்கள். தேர்ந்த கையில் சிவப்பும் தெளிவும் சந்திக்கும் கோடு துல்லியமாக இருக்கும். போலிகளில் அந்தக் கோடு பல சமயங்களில் கலங்கி, மையைத் தண்ணீரில் விட்டது போலக் கசிந்திருக்கும்.

நான்காவது, பொன் துகள். முரானோவில் தங்கத் தாளைச் சூடான கண்ணாடியில் ஒட்டி ஊதுவார்கள். கண்ணாடி விரியும்போது தாள் கிழிந்து, பெரிதும் சிறிதுமான ஒழுங்கற்ற துகள்களாகச் சிதறும். எல்லாத் துகளும் ஒரே அளவில் வாழ்த்து அட்டை மினுக்கம் போல மின்னினால் சந்தேகப்படுங்கள். மேற்பரப்பில் நகத்தால் சுரண்டினால் உரியும் பொன்னிறம் வெறும் பூச்சு.

பக்கவாட்டில் இரண்டு புறமும் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் ஓடும் மெல்லிய தழும்பு இருந்தால், அது அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடம். சோடாப் போத்தலைத் தூக்கிப் பாருங்கள், அதே கோடு இருக்கும்.

இரண்டு தவறான நம்பிக்கைகளையும் சொல்லிவிடலாம். 'உள்ளே குமிழி இருந்தால் பழையது' என்பார்கள். குமிழி எந்தக் காலத்துக் கண்ணாடியிலும் வரும். 1920 களின் இறுதியில் நப்போலியோனே மார்த்தினுஸி என்ற கலைஞர் வெனினி நிறுவனத்தில் வேண்டுமென்றே குமிழிகளை நிறைத்துப் பூச்சாடிகள் செய்தார். இன்று மலிவுப் போலிகளிலும் குமிழிகளை நிறைக்கிறார்கள். இரண்டாவது, புறஊதா வெளிச்சம். காசுத்தாள் சரிபார்க்கும் சிறிய ரோச்சை அடித்ததும் பச்சையாக ஒளிர்ந்தால் அசல் என்பார்கள். அந்தப் பச்சை, கண்ணாடியில் யுரேனியம் கலந்திருப்பதைக் காட்டலாம். எந்த நாட்டு உலையில் கலந்தார்கள் என்பதை அது சொல்லாது.

ஸ்ரிக்கரும் கையெழுத்தும்

நாம் முதலில் பார்ப்பது ஸ்ரிக்கரைத்தான். கடைசியாகப் பார்க்க வேண்டியதும் அதுதான். கடதாசியை எவரும் அச்சடிக்கலாம். உலையின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இல்லாமல் 'முரானோ' என்று மட்டும் இருக்கும் ஸ்ரிக்கர் எதையும் நிரூபிப்பதில்லை. 'முரானோ பாணி' என்று எழுதியிருந்தால், விற்பவரே அது முரானோ அல்ல என்று ஒப்புக்கொள்கிறார் என்று அர்த்தம்.

கையெழுத்து வலுவான சான்று போலத் தோன்றும். வெனினி அந்தக் காலத்தில் அடியில் அமிலத்தால் முத்திரை பதித்தது. வேறு சிலர் கூரான முனையால் பொறித்தார்கள். ஆனால் பல நல்ல உலைகள் கையெழுத்தே இடவில்லை. கையெழுத்தில்லாத அசலும் உண்டு, கையெழுத்துள்ள போலியும் உண்டு. பொறிக்கும் சிறு கருவி எந்தக் கடையிலும் கிடைக்கும்.

கையெழுத்தை நம்பிக் கெட்ட கதை முரானோவுக்கு வெளியிலும் இருக்கிறது. பிரான்சின் நான்சி நகரைச் சேர்ந்த எமில் கல்லே 1904 இல் இறந்த பெருங்கலைஞர். அவருடைய பாணியில் ருமேனியாவில் செய்யும் பூச்சாடிகளில் 'கல்லே' என்ற பெயரோடு 'டிப்' என்ற சொல்லையும் சேர்த்திருப்பார்கள். ருமேனிய மொழியில் அதற்கு 'வகை' என்று அர்த்தம். அதாவது 'கல்லே வகை'. செய்தவர் ஒளித்து வைக்கவில்லை. இடையில் வாங்கி விற்பவர்கள் அந்த ஒரு சொல்லை மட்டும் தேய்த்து அழித்துவிடுகிறார்கள். மீதி இருப்பது 'கல்லே'. ஆகவே கையெழுத்தைப் படிப்பதோடு நிற்காமல், அதன் பக்கத்தில் ஏதாவது தேய்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பெயரைக் காக்கும் சட்டம்

முரானோத் தொழிலாளர் சும்மா இருக்கவில்லை. 1994 இல் வெனிஸ் அடங்கிய வெனெட்டோ பிராந்தியம், தீவில் செய்யும் கலைக்கண்ணாடிக்கென ஒரு வணிகக் குறியைச் சட்டமாக்கியது. 'வெத்ரோ ஆர்த்திஸ்திக்கோ முரானோ' என்பது அதன் பெயர். புறொமோவெத்ரோ என்ற உற்பத்தியாளர் கூட்டமைப்பு அதை நிர்வகிக்கிறது. குறியில் இருக்கும் இலக்கம், எந்த உலை செய்தது என்பதைக் காட்டும். புதிதாக வாங்குபவருக்கு இதுவே நல்ல வழி. ஆனால் இந்தக் குறியில் சேர்வது உலைகளின் விருப்பம். சேராத அசல் உலைகளும் உண்டு. 1994 க்கு முந்திய காலத்துப் பொருள் என்று சொல்லி இந்தக் குறியோடு எவராவது விற்றால், அது பொய்.

ஐரோப்பிய ஒன்றியம் இதுவரை உணவுக்கும் மதுவுக்கும் கொடுத்துவந்த புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பைக் கைப்பணிப் பொருட்களுக்கும் விரித்து 2023 இல் சட்டம் இயற்றியது. 2025 டிசெம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்த வகைச் சட்டம் நமக்குப் புதிதல்ல. 2022 இல் 'சிலோன் கறுவா' அதே ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. வேறு நாட்டுக் கறுவாவை இலங்கைக் கறுவா என்று விற்க முடியாமல் செய்வதே அதன் நோக்கம். ஒரு பொருளின் பெயர் திருடப்படும்போது, அதை உண்மையாகச் செய்பவரின் கூலிதான் திருடப்படுகிறது. இங்கே பனையோலைப் பெட்டி பின்னும் பெண்களுக்கு இதை எவரும் விளக்கத் தேவையில்லை.

முரானோவில் அந்தக் கூலி ஏற்கனவே நெருக்கடியில் இருக்கிறது. உலைகள் இரவும் பகலும் எரிய வேண்டும். 2021, 2022 ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியபோது பல உலைகள் சிறிது காலம் அணைக்கப்பட்டன. இளையவர்கள் இந்தத் தொழிலுக்கு வரத் தயங்குகிறார்கள். சில யூரோக்களுக்குக் கிடைக்கும் போலியின் பக்கத்தில் அசலை வைத்து விற்பது அவர்களுக்கு நாளாந்தப் போராட்டம்.

உங்கள் வீட்டில் இருந்தால்

பொருளைத் தேய்த்துக் கழுவ வேண்டாம். ஸ்ரிக்கரை உரிக்கவும் வேண்டாம். பொய்யோ மெய்யோ, அதுவும் ஒரு தடயம். பகல் வெளிச்சத்தில் நான்கு பக்கமும் வாயும் அடியும் படம் எடுங்கள். உயரத்தை அளவுகோலோடு காட்டுங்கள். கொடுத்தவர் உயிரோடு இருந்தால் எப்போது, எந்த ஊரில், எப்படியான கடையில் வாங்கினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். பற்றுச்சீட்டு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். சேகரிப்பாளர் உலகில் ஒரு பொருளின் வரலாறு அதன் விலையில் பெரும் பங்கு. வீட்டையும் அலுமாரியையும் கடதாசிகளையும் விட்டுவிட்டு ஓடிய நமக்கு, பழைய பொருட்களுக்கு இதைச் செய்யும் வாய்ப்புப் பெரும்பாலும் போய்விட்டது. பிறகு வந்தவற்றுக்காவது செய்யலாம்.

விலை அறிய, இணையத்தில் எவரோ கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். எவரும் எதையும் கேட்கலாம். ஏல நிறுவனங்களின் பக்கங்களில் முடிந்த ஏலங்களின் விலை இருக்கும். உண்மையில் விற்ற விலை அதுதான். பெரிய ஏல நிறுவனங்கள் பல, படத்தை அனுப்பினால் முதல் அபிப்பிராயத்தை இலவசமாகவே சொல்கின்றன.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: வாங்க வருபவர் உங்களிடம் முற்பணம் கேட்டால், அது சான்றிதழுக்கோ, மதிப்பீட்டுக்கோ, சுங்கவரிக்கோ எதற்காக இருந்தாலும், அவர் வாங்க வரவில்லை. "அந்தச் செலவை நீங்கள் தரும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

கிளிநொச்சி அக்கா அப்படித்தான் எழுதினார். 3 இலட்சம் தருவதாகச் சொன்னவர் அதன்பின் பதில் அனுப்பவில்லை. இரண்டு நாளில் அந்தக் கணக்கையே காணவில்லை.

அடியின் படமும் வந்து சேர்ந்தது. நடுவில் தேய்க்காத கரட்டு வடு. சிவப்பு நிறம் ஓரத்தில் தெளிந்த கண்ணாடிக்குள் கசிந்திருந்தது. பொன் துகள்கள் எல்லாம் ஒரே அளவு. ஸ்ரிக்கரில் எந்த உலையின் பெயரும் இல்லை. இவற்றில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் நான் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். நான்கும் ஒரே பக்கத்தையே காட்டின. படத்தை மட்டும் பார்த்து நூறு வீதம் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்து, அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 25,000 தப்பியது பெரிய விடயம் என்றார். போர்டிங் காசுக்கு வேறு வழி பார்க்க வேண்டும் என்றார். வைக்கப்போகும்போதுதான் அதைச் சொன்னார்.

"தம்பி, உதை அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவன் நல்ல சாமான் எண்டுதான் காசு குடுத்து வாங்கினவன்."

பூச்சாடி இப்போதும் ஷோகேசில் அதே இடத்தில்தான் இருக்கிறது.